நட்பை நாடி ஒரு நெடும்பயணம்

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலித்து வரும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களின் அடிச்சுவட்டில் நடந்த நல்லோர் அனைவர் மீதும் நிலவட்டுமாக!

 

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நமது அணுபுரம் குடியிருப்பின் தெருக்களில் வெளிமாநில எண்கள் தாங்கிய கார்களைக் காணலாம். திருச்சி நெடுஞ்சாலை வழியாகச் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் கடந்து வருவோர் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருவோரும் உண்டு. கூடங்குளத்திலிருந்து வருபவர் அறுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்திருப்பார். கைகாவிலிருந்து வருபவர் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்திருப்பார். அவர்களுள் பலர் இங்கே உறவினரைத் தேடி வருவதில்லை. முன்பு அடுத்த வீட்டில் வசித்தவரையும், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவரையும் காண்பதற்காகவே வருகிறார்கள்.

நெடுந்தொலைவு பயணம் செய்து ஒரு நண்பரின் வாசலில் வந்து நிற்பது வெறும் உல்லாசமா, அல்லது அதற்கு மார்க்கத்தில் ஏதேனும் மதிப்பு உண்டா? இன்றைய உரையில் இதைத்தான் நாம் சிந்திக்க இருக்கிறோம்.

அரசாணை சேர்த்த அண்டை வீட்டார்

அன்பர்களே! நமது பகுதியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1971-இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1985-இல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983-இல் இயங்கத் தொடங்கியது. இப்பணிகளுக்காக நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். மலையாளியும் தெலுங்கரும், வங்காளியும் மராத்தியரும், நெல்லைக்காரரும் வேலூர்க்காரரும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். கடலோரக் குடியிருப்பு ஒன்று, உள்ளே தள்ளி அமைந்த அணுபுரம் மற்றொன்று. யார் யாருக்கு அண்டை வீட்டார் என்பதை இங்கே தீர்மானித்தது ஊரோ உறவோ அன்று. வீடு ஒதுக்கீட்டு ஆணை.

ஆயினும் அந்த ஆணையின் வழியே அல்லாஹ் இதயங்களை இணைத்தான். பிரசவத்திற்குத் தாய் வந்து சேரும்முன் அடுத்த வீட்டுப் பெண்மணியே தாயாக நின்றார். இரவுப் பணிக்குச் சென்றவரின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, எதிர்வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பெருநாள் கஞ்சியும் பிரியாணியும் ஒரு வீட்டிலிருந்து போயின. பொங்கலும் கிறிஸ்துமஸ் கேக்கும் மறுவீட்டிலிருந்து வந்தன.

பிறகு என்ன ஆகிறது? அறுபது வயது நிறைகிறது. பணி ஓய்வு வருகிறது. மாலையும் பாராட்டும் முடிந்தபின் வீட்டின் சாவியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சிலர் அதற்கு முன்பே தாராப்பூருக்கோ, ராவத்பாட்டாவுக்கோ, நரோராவுக்கோ மாற்றலாகிச் செல்கிறார்கள். லாரியில் சாமான்கள் ஏறுகின்றன. அடிக்கடி வருவதாக ஒருவர் சொல்கிறார். அவசியம் வர வேண்டும் என்று மற்றவர் சொல்கிறார். இருவரும் உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் பத்தாண்டுகள் கழிந்தும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. வீட்டை ஒப்படைப்பது சட்டப்படி கடமை. வீட்டோடு நட்பையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வழியில் காத்திருந்த வானவர்

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஒருவர் மற்றோர் ஊரிலிருந்த தம் சகோதரரைச் சந்திக்கப் புறப்பட்டார். அவர் செல்லும் வழியில் அல்லாஹ் ஒரு வானவரை எதிர்பார்த்திருக்கச் செய்தான். எங்கே செல்கிறீர் என வானவர் வினவினார். இவ்வூரில் உள்ள என் சகோதரரைக் காண என்றார் அவர். அவரிடம் உமக்கு ஆக வேண்டிய காரியம் ஏதேனும் உண்டா என அடுத்த வினா எழுந்தது. ஏதுமில்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்று அவர் விடையளித்தார். அவர் அந்தச் சகோதரரை நேசித்தது போலவே அல்லாஹ்வும் அவரை நேசிக்கிறான் என்னும் செய்தியோடு தாம் அனுப்பப்பட்டிருப்பதாக வானவர் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது வினா. ஆக வேண்டிய காரியம் ஏதேனும் உண்டா? இன்று நம்மில் பெரும்பாலோர் நண்பரின் வாசலை மிதிப்பது எப்போது? மகளின் திருமண அழைப்பிதழ் கொடுக்க. மகனுக்கு வேலை குறித்து விசாரிக்க. மனை விற்க. கடன் கேட்க. இவை எதுவும் பாவமில்லை. மனிதர் மனிதரிடம் உதவி நாடித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆண்டுகள் பல ஓடியபின், எந்தக் காரியமும் இல்லாமல், உங்களைப் பார்த்துவிட்டுப் போகவே வந்தேன் என்று ஒருவர் சொல்லும்போது நண்பரின் முகத்தில் தோன்றும் மலர்ச்சி வேறு. வானவர் நற்செய்தி சொன்னது அந்தப் பயணத்திற்குத்தான்.

அந்த மனிதர் எவ்வளவு தொலைவு சென்றார், எதில் சென்றார் என்பதை நபிமொழி கூறவில்லை. எதற்காகச் சென்றார் என்பதையே கூறுகிறது. தொலைவை அளக்க வாகனத்தில் மீட்டர் இருக்கிறது. எண்ணத்தை அளப்பவன் அல்லாஹ் ஒருவனே.

ஒரு மாதப் பயணம், ஒரே ஒரு செய்தி

சகோதரர்களே! நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மதீனாவில் வாழ்ந்தார்கள். நபிகளாரிடம் நேரில் கேட்ட ஒரு ஹதீஸை அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு எட்டியது. அவரோ ஷாம் நாட்டில் இருந்தார். ஜாபிர் (ரலி) அவர்கள் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, சேணம் பூட்டி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாமை அடைந்தார்கள். ஜாபிர் வாசலில் நிற்பதாகச் சொல்லுங்கள் என்று வாயிற்காவலரிடம் கூறினார்கள். உள்ளிருந்தவர், அப்துல்லாஹ்வின் மகன் ஜாபிரா என வியந்து கேட்டார்; தம் ஆடை காலில் இடற விரைந்து வெளியே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கொண்டார்கள்.

ஆடை இடறியதைக்கூட மறவாமல் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு மாதக் களைப்பை அந்த ஒரு கணம் போக்கியிருக்க வேண்டும்.

அந்த ஹதீஸைக் கேட்பதற்கு முன் நானோ நீங்களோ இறந்துவிடக்கூடும் என்று அஞ்சியே வந்தேன் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் காரணம் கூறினார்கள். பிறகு போகலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. இருவரில் ஒருவர் முந்திவிடலாம் என்ற அச்சம் ஒட்டகம் வாங்கச் செய்தது.

இனி, அவர்கள் நாடிச் சென்ற செய்தி எதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். மறுமையில் மக்கள் எந்த உடைமையும் இன்றி எழுப்பப்படுவார்கள். சுவர்க்கம் செல்ல வேண்டியவரானாலும், அவர்மீது பிறருக்குரிய ஒரு பாக்கி இருக்குமானால், அது தீர்க்கப்படும்வரை அவர் நுழைய இயலாது. அது ஓர் அறையாக இருப்பினும் சரியே. கையில் ஏதுமில்லாத நாளில் எதைக் கொண்டு தீர்ப்பது எனத் தோழர்கள் வினவியபோது, நன்மைகளையும் தீமைகளையும் கொண்டே கணக்குத் தீர்க்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஆம்! ஒரு மாதப் பயணத்தின் முடிவில், தழுவிய கைகள் விலகியதும் அவ்விருவரும் பேசிய பொருள், மனிதர்களுக்கிடையே உள்ள பாக்கிகளைப் பற்றியது.

தடுப்பது தொலைவா, பாக்கியா?

அன்பர்களே! நமக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்வோம். பழைய நண்பரைக் காணச் செல்லாதிருப்பதற்குத் தொலைவையும் நேரமின்மையையும் நாம் காரணமாகச் சொல்கிறோம். பல வேளைகளில் உண்மைக் காரணம் வேறு. மகள் திருமணத்தின்போது கைமாற்றாக வாங்கிய தொகை திருப்பித் தரப்படவில்லை. இடையில் மாற்றல் வந்துவிட்டது. இப்போது அந்த நண்பரின் ஊர்வழியாகச் சென்றால்கூடப் புறவழிச் சாலையில் வண்டி போய்விடுகிறது. வேறொருவர் பதவி உயர்வுக் காலத்தில் நண்பரைப் பற்றி மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அது அவர் காதுக்கு எட்டியதா இல்லையா என்பது தெரியாமலேயே முகம் கொடுக்கக் கூசுகிறார். சங்கத் தேர்தலிலும், பிள்ளைகளின் விளையாட்டுச் சண்டையிலும் பிரிந்த வீடுகள் உண்டு.

இப்படி ஒரு பாக்கி இருக்குமானால், பயணம் விருப்பத்திற்குரிய ஒன்றாக நின்றுவிடுவதில்லை. அது கடமையின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பிறர் மீது கொண்ட கடனையும் இழைத்த அநீதியையும் அல்லாஹ்விடம் மட்டும் தவ்பாச் செய்து தீர்த்துவிட முடியாது. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது பொறுத்துக்கொள்ளும்படி வேண்ட வேண்டும் என்பதை அறிஞர்கள் தெளிவாக எழுதியுள்ளார்கள். முழுத்தொகை இயலாவிட்டால் இயன்றதைக் கொண்டு செல்லுங்கள். வெறுங்கையோடு சென்று நிலைமையைச் சொல்வதும், செல்லாமலே இருப்பதைவிடச் சிறந்தது.

கடன் கொடுத்தவருக்கும் ஒரு சொல். கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளுபடி செய்துவிடுவது அதைவிட மேலானது என்றும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் அறிவுறுத்துகிறது. உங்கள் நண்பர் வராதிருப்பதற்கு அந்தப் பணமே காரணம் என்பது உங்களுக்குத் தெரியுமானால், நீங்களே தொலைபேசியில் அழைத்து, அதை மறந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லலாமே! போன பணம் ஒரு நண்பரைத் திரும்பக் கொண்டுவந்தால் அதை நட்டம் என்று சொல்ல முடியுமா?

ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று என்பதும், சந்திக்கும்போது முதலில் ஸலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து. நாம் மூன்று நாள்களை முப்பது ஆண்டுகளாக்கி விடுகிறோம்.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் வருகை

மற்றொரு சந்திப்பையும் நினைவு கூர்வோம். மக்காவின் கொடுமைகளுக்குத் தப்பி அபிசீனியாவுக்குச் சென்றவர்களுள் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் முதன்மையானவர்கள். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் முஸ்லிம்களின் சார்பில் எடுத்துரைத்தவர்கள் அவர்களே. பத்தாண்டுகளுக்கும் மேலாக அயல்நாட்டில் தங்கியிருந்து, ஹிஜ்ரி 7-இல் கடல் கடந்து, தரை கடந்து மதீனா நோக்கி வந்தார்கள். அப்போது நபிகளார் (ஸல்) அவர்கள் கைபரில் இருந்தார்கள். ஜஅஃபரைக் கண்டதும் அவரைத் தழுவி நெற்றியில் முத்தமிட்டார்கள். கைபர் வெற்றிக்காக மகிழ்வதா, ஜஅஃபரின் வருகைக்காக மகிழ்வதா என்று தமக்குத் தெரியவில்லை என்னும் கருத்தைக் கூறினார்கள். ஒரு கோட்டையின் வெற்றிக்கு இணையாக ஒரு மனிதரின் வருகையை வைத்துப் பார்த்த உள்ளம் அது!

அதற்குப் பிறகு நடந்தது என்ன? ஹிஜ்ரி 8-இல் மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட பிரிவுக்குப் பின் கிட்டிய உறவு, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே நிலைத்தது. அன்னாரின் பிள்ளைகளை அருகழைத்து நபிகளார் கண்ணீர் சிந்தினார்கள். துயரத்தில் இருக்கும் அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி பணித்தார்கள்.

சகோதரர்களே! சந்திப்பின் ஆயுள் எவ்வளவு என்பது சந்திப்பவர்களுக்குத் தெரியாது. நமது கரைக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கல்பாக்கம் கடலோரக் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் கடல் புகுந்தது. பல உயிர்கள் பறிபோயின. முந்தைய நாள் மாலை ஒருவரோடொருவர் பேசி, நாளை பார்ப்போம் என்று விடைபெற்றவர்களுக்கு அந்த நாளை வாய்க்கவில்லை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நண்பர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரவோடிரவாக வாடகைக் கார் பிடிக்கிறோம். விடுப்பு கிடைக்கிறது, பணம் கிடைக்கிறது, அறுநூறு கிலோமீட்டர் ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. ஜனாஸாவில் கலந்துகொள்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அதற்கு நன்மை உண்டு. ஆனால் கஃபன் துணியை விலக்கிக் காட்டும் முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்காது. அதே சாலை, அதே கார், அதே செலவு. ஓர் ஆண்டு முன்னதாகச் சென்றிருந்தால் அவர் ஆடை காலில் இடற ஓடி வந்து நம்மைத் தழுவியிருப்பார் அல்லவா?

கடிதம் எழுதிய தோழர்களும் கண்ணீர் விட்ட பயணியும்

நேரில் செல்ல இயலாதவர்கள் என்ன செய்வது? ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரையும் மதீனாவில் நபிகளார் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருமுறை ஸல்மான் (ரலி) அவர்கள் நண்பரைக் காணச் சென்றபோது, அவர் வணக்கத்திலேயே மூழ்கி மனைவியைக் கவனியாதிருப்பதை அறிந்தார்கள். அன்று அவரோடு தங்கி, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய உரிமைகளை நினைவூட்டினார்கள். நபிகளாரும் அதை உண்மை என ஆமோதித்தார்கள். பிற்காலத்தில் ஒருவர் ஷாமிலும் மற்றவர் இராக்கிலும் வாழ நேர்ந்தது. அப்போதும் உறவு அறுபடவில்லை. புனித பூமிக்கு வந்துவிடுங்கள் என அபுத்தர்தா கடிதம் எழுதினார்கள். நிலம் எவரையும் புனிதராக்குவதில்லை, மனிதரைப் புனிதராக்குவது அவரது செயலே என்ற கருத்தில் ஸல்மான் பதில் எழுதினார்கள். தொலைவு அவர்களது அன்பையும் குறைக்கவில்லை. உண்மை பேசும் உரிமையையும் குறைக்கவில்லை.

இன்று நமக்குக் கைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் நாள்தோறும் வருகின்றன. நூறு பேர் உள்ள குழுவில் பூப்படம் அனுப்புவது நண்பரின் நலம் விசாரிப்பதாகாது. அவருக்கு என்று தனியாக ஓர் அழைப்பு. அவர் மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மகனின் வழக்கு என்னவாயிற்று என்ற கேள்வி. இதுவே அன்று அத்தோழர்கள் எழுதிய கடிதத்திற்கு நிகராகும்.

நெடும்பயணம் என்றாலே நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா. 1325-இல் தாயகமான தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட அவர், 1340-களில் நமது தமிழகக் கரைக்கும் வந்தார். மஅபர் என்று அரபியர் அழைத்த இந்நாட்டையும் மதுரையையும் தம் பயண நூலில் விவரித்துள்ளார். சீனாவில் நிகழ்ந்ததாக அவர் கூறும் சந்திப்பு ஒன்று உள்ளத்தை உருக்குவது. மொராக்கோவின் சப்தா நகரைச் சேர்ந்த ஓர் அறிஞர் அங்கே அவரைக் காண வந்தார். பேச்சினிடையே இருவரும் ஒரே நாட்டவர் என்பது தெரிந்ததும் வந்தவர் அழுதார். இப்னு பதூதாவும் அழுதார். பிறகுதான், முன்பு டில்லியில் இளம் மாணவராகத் தாம் கண்ட அல்புஷ்ரீயே அவர் என்பது விளங்கியது. சில ஆண்டுகள் கழித்து, 1351-52 வாக்கில், சஹாரா பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸா நகரில் இப்னு பதூதா விருந்தினராகத் தங்கியது அந்த அல்புஷ்ரீயின் உடன்பிறந்தாரது இல்லத்தில்! ஒரு சகோதரர் சீனாவில், மற்றவர் ஆப்பிரிக்காவில். எத்தனையோ அரண்மனைகளைக் கண்ட ஒரு பயணியை அழ வைத்தது, ஊர்க்காரர் ஒருவரின் முகம்.

தந்தையின் நண்பர், தாயின் தோழி

அன்பர்களே! நட்பு ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டார்கள். இன்னாரின் மகன் இன்னார்தானே என்று விசாரித்து உறுதி செய்துகொண்டு, தாம் சவாரி செய்த கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்கு அளித்துவிட்டார்கள். சிறிதளவு கொடுத்தாலே மகிழும் கிராமவாசிக்கு இவ்வளவு தேவையா என உடன் வந்தோர் கேட்டார்கள். இவரது தந்தை என் தந்தைக்கு நண்பர் என்பதே அவர்களின் விடை. தந்தையின் நண்பர்களோடு உறவைப் பேணுவது மிகச் சிறந்த நற்செயல் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் தெரிவித்தார்கள்.

இக்குடியிருப்பில் வளர்ந்த இளைஞர்களே! நீங்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறீர்கள். விடுமுறையில் காரோட்டி வருகிறீர்கள். உங்கள் தந்தை மறைந்திருந்தாலும் அவருடைய தோழர் எங்கோ ஓர் ஊரில் தனிமையில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். வழியில் அவர் வீட்டில் ஒரு மணிநேரம் நில்லுங்கள். உங்கள் முகத்தில் அவர் தம் நண்பரைக் காண்பார்.

பெண்களின் நட்பையும் நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், ஆடு அறுத்தால் அதன் இறைச்சியை அன்னையின் தோழியருக்கு அனுப்பிவைப்பது நபிகளாரின் வழக்கமாக இருந்தது. இருபது ஆண்டுகள் சுவருக்கு அப்பால் வாழ்ந்த தோழியைப் பிரிந்து, புதிய ஊரில் யாரோடும் மனம் ஒட்டாமல் இருக்கும் மனைவியர் எத்தனை பேர்! ஆண்களாகிய நாம் பள்ளிவாசலில் புதிய நண்பர்களைப் பெற்றுவிடுகிறோம். அவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அடுத்த பயணத்தை உங்கள் மனைவியின் தோழியைக் காண்பதற்காக என்று வையுங்கள்.

நம் நண்பர்கள் அனைவரும் முஸ்லிம்கள் அல்லரே என்று கேட்கலாம். நம்மோடு பகைமை பாராட்டாத பிற சமயத்தாருக்கு நன்மை செய்வதையும், நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. அன்னை அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காத நிலையில் மகளைக் காண மதீனா வந்தபோது, அவரோடு உறவைப் பேணும்படியே நபிகளார் பணித்தார்கள். நம் குழந்தையை மருத்துவமனைக்குச் சுமந்து சென்ற எதிர்வீட்டுக்காரரின் நன்றியை மறப்பவர் நன்றியுள்ள அடியாராக இருக்க முடியாது.

பயணத்தின் ஒழுங்குகள்

இறுதியாக, இத்தகைய பயணம் மேற்கொள்வோர் பேண வேண்டிய சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, உயிரைப் பேணுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தேசிய நெடுஞ்சாலையிலும் நடக்கும் விபத்துகளை நாம் அடிக்கடி காண்கிறோம். இரவு முழுதும் கண்விழித்து ஓட்டி, விடியலில் நண்பரை வியப்பில் ஆழ்த்த வேண்டிய தேவையில்லை. தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். நம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்வதை இறைமறை தடுத்திருக்கிறது. வேகம் குறைத்துச் செல்பவர் தாமதமாகவேனும் சென்று சேர்வார்.

இரண்டாவது, முன்னதாக அறிவியுங்கள். நெடுநாள் பயணம் சென்று திரும்புபவர் சொந்த வீட்டாரிடமே முன்னறிவிப்பின்றி இரவில் வந்து இறங்க வேண்டாம் என நபிகளார் அறிவுறுத்தியிருக்க, பிறர் வீட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, விருந்தோம்புபவருக்குச் சுமையாகாதீர்கள். விருந்து மூன்று நாள்கள், அதற்குமேல் தருமம், உபசரிப்பவர் சிரமப்படும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்பது ஹதீஸின் கருத்து. ஓய்வூதியத்தில் வாழும் நண்பர் கடன் வாங்கி விருந்து வைக்கும் நிலையை உண்டாக்காதீர்கள்.

நான்காவது, தொழுகையைப் பேணுங்கள். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனஃபீ மத்ஹபில் ஹஜ்ஜுக்கு வெளியே சேர்த்தல் இல்லை. நண்பரின் ஊரில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈகளுக்குச் சலுகை முடிந்துவிடும். ஹனஃபீகளுக்குப் பதினைந்து நாள்கள் தங்க எண்ணினால் முடியும்.

ஐந்தாவது, நாவைக் காத்துக்கொள்ளுங்கள். பழைய நண்பர்கள் கூடினால் பழைய அதிகாரியைப் பற்றியும், இங்கே இல்லாத மூன்றாமவரைப் பற்றியும் பேச்சு எழும். ஒரு சகோதரரைச் சந்தித்த நன்மையை மற்றொரு சகோதரரின் இறைச்சியைத் தின்று அழித்துக்கொள்ளாதீர்கள். இவ்வுலக நண்பர்கள் மறுமையில் ஒருவருக்கொருவர் பகைவராவர், இறையச்சமுடையோரைத் தவிர என்று அஸ்ஸுக்ருஃப் அத்தியாயம் எச்சரிக்கிறது.

கண்ணியமிக்கவர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுங்கள். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் முகம் பாராத மூன்று நண்பர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களுள் யாருக்கேனும் உங்கள் மீது பாக்கி உண்டா என்று பாருங்கள். உண்டெனில் அவர் பெயர் முதலில் வரட்டும். இன்றே அவரை அழையுங்கள். வரும் நாளைக் குறித்துச் சொல்லுங்கள். உடல்நலமோ பொருளோ இடம் தராதவர்கள் அழைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லாஹ் எவரையும் அவரது சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை.

யா அல்லாஹ்! பிரிந்திருக்கும் நண்பர்களை ஒன்று சேர்ப்பாயாக! எங்கள் மீதுள்ள பிறரின் பாக்கிகளை இவ்வுலகிலேயே தீர்க்கும் வசதியையும் மனத்துணிவையும் தருவாயாக! சாலைகளில் செல்வோரை விபத்துகளிலிருந்து காப்பாயாக! எங்களுக்கு முன் சென்றுவிட்ட நண்பர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக! உனக்காக நேசித்தவர்களாக எங்கள் அனைவரையும் உன் அர்ஷின் நிழலில் ஒன்றுகூட்டுவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.